இறங்கி வருகிறவர்களுக்கான குறி

ஜூன் 4
முதல் குடில்

பெயின்டருக்கு,

"ரெண்டாவது நாளே திரும்பி வந்துடுவே" என்று சொன்னீர்கள். பக்கவாதம் வந்ததிலிருந்து உங்களுக்கு ஒரு வாக்கியம் வெளியே வருவதற்குள் எதிரில் நிற்பவருக்கு மூச்சு முட்டிவிடுகிறது. மூன்று தடவை தடுமாறி, நாலாவது தடவை எனக்குப் புரியும்படி சொல்லி முடித்தீர்கள். அவ்வளவு பாடுபட்டுச் சொல்ல வேண்டிய வார்த்தையா அது? இன்று மூன்றாவது நாள். முதல் குடிலுக்கு வந்துவிட்டேன். இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் வந்ததும் வராததுமாகக் குடில்காரம்மாவிடம் தாள் கேட்டு வாங்கினேன்.

நான் சொன்னதும் உங்களுக்கு மறந்திருக்காது. "திரும்பி வருவேன்னு என்னால சொல்ல முடியாது." கோபத்தில் சொன்னது இல்லை. என் தங்கை இருக்கிற ஊர் அலுவலகத்துக்கு மாற்றல் கிடைத்திருக்கிறது. சேருகிறேனா இல்லையா என்று ஆகஸ்ட் பத்துக்குள் சொல்லியாக வேண்டும். இந்த மலைப்பாதை முடிகிற இடத்திலிருந்து இரண்டு பஸ் கிளம்புகிறதாம். ஒன்று நம் ஊருக்கு, இன்னொன்று அவள் ஊருக்கு. எதில் ஏறுவேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு வருஷமாக உங்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுத்து, அலுவலகத்துக்கு ஓடி, ஓடிவந்து மறுபடியும் உடை மாற்றி, நான் உங்கள் மனைவி என்பதே எனக்கு மறந்துவிட்டது. உங்களுக்கும் மறந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

"அதுக்காக மலைக்கா போவாங்க?" என்று உங்கள் அக்கா கேட்டாள். வேறு எங்கே போவதாம்? பதினெட்டு வருஷம் கோடை வந்தால் போதும், மலைநடைச் சங்கத்துக்காக வழிக்குறி தீட்டுகிறேன் என்று பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவீர்கள். அப்படி என்னதான் இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டாமா? பார்த்தேன். பாறை இருக்கிறது. பாறைக்குப் பாறை உங்கள் மஞ்சள் பட்டை இருக்கிறது.

உடம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். எட்டு மாதம் முதுகில் மாவு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஐந்து மாடி ஏறி இறங்கினேனே, அது வீண் போகவில்லை. கீழ்வீட்டுக்காரர் அத்தனை நாளும், "லிஃப்ட் வேலை செய்யுதும்மா" என்று நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார். இப்போது முழங்கால், தோள், இடுப்பு எல்லாம் வரிசையாகப் புகார் கொடுக்கின்றன. இருபது வருஷத்துக்கு மேல் தண்ணீர் வாரியத்தில் புகார் கேட்டவள் நான். 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்று சொல்லிவிட்டு நடக்கிறேன். பாதிப் புகார் மதியத்துக்குள் தானாக அடங்கிவிடுகிறது.

குடிலில் போன் எடுபடாது. வாரம் ஒரு தடவை சாமான் ஏற்றிவரும் ஜீப்பில் தபால் வருமாம். டாக்டர் இடது கையால் எழுதிப் பழகச் சொன்னாரே, அதை எனக்கு எழுதிப் பழகுங்கள்.

நான்


ஜூன் 10
வீடு

புகார்ப் பிரிவுக்கு,

எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. காலையில் ஆரம்பித்த பக்கம் மாலையில்தான் முடிகிறது. வலது கை தலையணைமேல் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது. ஆனால் ஒன்று. பேசினால் வார்த்தை என் பிடியில் நிற்பதில்லை. எழுதினால் நிற்கிறது. வெளியாள் முன்னால் வாயைத் திறப்பதையே நான் விட்டுவிட்டேன் என்று உனக்குத் தெரியும். எழுதும்போதுதான் என் பழைய குரல் எனக்குக் கேட்கிறது.

மூன்று நாளுக்கெல்லாம் பெருமை வேண்டாம். மூன்று நாள் யார் வேண்டுமானாலும் நடப்பார்கள். இரண்டாவது வாரத்தில்தான் மலை ஆளைப் பார்க்கும். கவனமாகக் கேள். குதிகாலில் சுடுகிற மாதிரி இருந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து பிளாஸ்திரி போடு. கொப்புளம் வந்தபிறகு போட்டுப் பயன் இல்லை. அந்த ஒரு புகாரை மட்டும் பதிவு செய்துவிட்டுப் போகாதே. பசிப்பதற்கு முன்னால் சாப்பிடு. பக்கத்தில் ஆள் இருந்தால் பேசிக்கொண்டே ஏற முடியுமே, அதுதான் சரியான வேகம். பை அடியில் கட்டி வைத்திருக்கும் உலர்ந்த காலுறையை ராத்திரி தூங்க மட்டும் போடு. எவ்வளவு நனைந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு நடக்காதே. மொத்தத் தூரத்தை நினைக்காதே. அடுத்த தண்ணீர் எங்கே என்று மட்டும் நினை.

விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று தோன்றும். தோன்றாதவர்கள் இல்லை. ஏற்றத்தில் முடிவு எடுக்காதே. மழையில் எடுக்காதே. வெறும் வயிற்றோடு எடுக்காதே. சாப்பிட்டு, தூங்கி எழுந்து, காலை வெயிலில் உட்கார்ந்து, அப்போதும் அதுவே தோன்றினால் சரி.

பெரிய கணவாய்க்கு ஒரே விதி. நண்பகலுக்குள் உச்சியில் நிற்காவிட்டால், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும் திரும்பிவிடு. பிற்பகலில் அங்கே காற்று வேறு மாதிரி.

அக்கா எனக்கு ஊட்டிவிடப் பார்க்கிறாள். வேண்டாம் என்றால் காதில் விழாத மாதிரி வாயருகே ஸ்பூனைக் கொண்டுவருகிறாள். சொந்த அக்காவா மேஸ்திரியா என்றே தெரியவில்லை. குதிகால் எப்படி இருக்கிறது என்று எழுது.

நான்


ஜூன் 18
மூன்றாவது குடில்

பெயின்டருக்கு,

குதிகால் நன்றாக இருக்கிறது. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன், இல்லை.

சொல்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டாவது வாரம் வந்தது. கால் வலிக்கவில்லை, வானம் தெளிவு, பாதை சமதளம். அப்படி ஒரு நாளில் மதியம் ஒரு மரத்தடியில் பையைக் கழற்றி வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். காரணம் எதுவும் இல்லை. அலுப்பு. நடப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத அலுப்பு. ஏற்றத்துக்கு உடம்பைப் பழக்கலாம், மாடிப்படி இருக்கிறது. இதற்கு எந்த மாடிப்படியில் பழகுவது? பேச ஆள் இல்லை. மனசு தானாகப் பழைய கணக்கையெல்லாம் எடுத்துப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. இப்போது வெளிநாட்டில் இருக்கிற நம் மகளுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் ஏறி ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் தனியாக நின்ற நாளில் நீங்கள் இந்த மூன்றாவது குடிலில் இருந்தீர்கள். எனக்கு அது நினைவில் இருக்கிறது. உங்களுக்கு இருக்கிறதா?

"இந்த மாதிரி மனுஷனை நான் பார்த்ததே இல்லை, ஒரு கோடு கோணலா வந்தாலும் சுரண்டிட்டு மறுபடி போடுவாரு" என்று இங்கே குடில்காரம்மா உங்களைப் புகழ்ந்து தள்ளுகிறாள். உங்களுக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தாள். சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், எனக்கு இன்னொரு கிண்ணம் சூப் கொண்டுவந்தாள். எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. ஊரில் பாதிப்பேர் பார்த்த அந்த நல்ல மனுஷனை நான் கொஞ்சமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னபடி வெறும் வயிற்றோடு முடிவு எடுக்கவில்லை. அழுதுவிட்டு ரொட்டி சாப்பிட்டேன், நடந்தேன். அலுப்பைக் கடப்பதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டேன். அலுவலகத்தில் மணிக்கணக்காகத் திட்டுகிறவர்களைக் குறுக்கே பேசாமல் கேட்பேன் இல்லையா, அப்படி என் மனசைப் பேச விட்டுவிட்டு 'ம்' கொட்டுகிறேன். ஒரு கட்டத்தில் அதற்கே சலித்துப்போகிறது.

எதில் ஏறுவேன் என்று இன்னும் தெரியவில்லை.

நான்


ஜூன் 25
வீடு

புகார்ப் பிரிவுக்கு,

தங்கை ஊருக்கே போ. நான் பிடித்து வைக்க முடியாது. பிடிக்கிற கை ஒன்றுதான் இருக்கிறது, அதில் பேனா இருக்கிறது.

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். அடிக்கலாமா என்று பார்த்தேன். அடித்தால் என்ன எழுதியிருந்தேன் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய். அதனால் இருக்கட்டும். நேற்று விழுந்துவிட்டேன். யாரையும் கூப்பிடாமல் கட்டிலிலிருந்து ஜன்னல்வரை போகலாம் என்று கிளம்பி, நாற்காலியைத் தாண்டி விழுந்தேன். எலும்பு முறிவு இல்லை. அக்கா அலறிய அலறலில் கீழ்வீட்டுக்காரர் லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் மாடிப்படியில் ஓடிவந்தார். விழுந்த கோபத்தில் அந்த இரண்டு வரியும் எழுதினேன்.

இன்று யோசித்தேன். உனக்கு அவ்வளவு சொன்னேன், நான் செய்தது என்ன? தண்ணீர்கூடக் குடிக்காமல், அக்காமேல் இருந்த எரிச்சலில், ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிளம்பினேன். மலையில் யாராவது அப்படிக் கிளம்பினால் நானே திட்டியிருப்பேன். காலையில் சாப்பிட்டேன், செருப்பைச் சரியாகப் போட்டேன், நாற்காலிவரை மட்டும் என்று முடிவு செய்தேன், நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்து திரும்பி வந்தேன். அவ்வளவுதான் இன்றைய நடை. நாளையும் நாற்காலிதான். ஜன்னல் எங்கும் ஓடிவிடாது.

மகளுக்குக் காய்ச்சல் வந்த வருஷம் எனக்கு நினைவில்லை. உன் கடிதத்தைப் படித்தபிறகும் நினைவுக்கு வரவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை.

நீ எப்படி இருக்கிறாய்?

நான்


ஜூலை 6
கணவாய்க்குக் கீழே, ஐந்தாவது குடில்

பெயின்டருக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் தேதி விடியும் முன்பே கிளம்பினேன். பாதி ஏற்றத்தில் மேகம் இறங்கிவிட்டது. மெதுவாகத்தான் போக முடிந்தது. நண்பகல் ஆனபோது மேகம் கொஞ்சம் விலகி, உச்சி இதோ என்று தெரிந்தது, கல் எறிந்தால் விழும் தூரம். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர், "வாங்க, இவ்வளவு தூரம் வந்துட்டு" என்று கையை ஆட்டினார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் நீங்கள் சொன்ன விதி காதில் நின்றது. திரும்பினேன். பெருமையாகக்கூட இருந்தது.

திரும்பி நாலு அடி வைத்ததும் பாதை இல்லை.

உங்கள் மஞ்சள் பட்டை ஒன்றுகூட இல்லை. காலையில் பாறைக்குப் பாறை பார்த்துக்கொண்டு வந்தவள் நான். எப்படி இல்லாமல் போகும்? மேகத்தில் கண் தெரியவில்லை என்று நினைத்து ஒரு சரிவில் இறங்கினேன். அது தவறான சரிவு. மழை பிடித்துக்கொண்டது. இனி அலையக் கூடாது என்று ஒரு பாறையின் அடியில் ஒண்டினேன். பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு, உலர்ந்த காலுறையை மாட்டிக்கொண்டு, மிச்சம் இருந்த ரொட்டியைத் தின்றேன். இருட்டியபிறகு விசில் ஊதினேன், கேட்க ஆள் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயந்தேனா என்றால், ஆமாம், பயந்தேன். செத்துவிடுவேனோ என்று நினைத்தேன். உங்கள் அக்கா, "அப்பவே சொன்னேன்" என்று சொல்வாளே என்றும் நினைத்தேன்.

காலையில் மேகம் விலகியது. சரிவில் ஏறி ஒரு பெரிய பாறையைச் சுற்றி மறுபக்கம் போனபோதுதான் பார்த்தேன். பட்டை அங்கே இருந்தது. கீழிருந்து ஏறி வருகிறவனின் கண்ணுக்கு நேராக, அளந்து போட்ட மாதிரி. மேலிருந்து இறங்குகிறவனுக்கு வெறும் பாறை. அடுத்த பாறையும் அப்படியே. அதற்கு அடுத்ததும். ஒவ்வொரு பாறையாகத் தாண்டிப் போய், திரும்பி நின்று, இதில் பட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் இறங்கி வந்தேன். குடிலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. கணுக்கால் வீங்கியிருக்கிறது. குடில்காரர் ஒரு வாரம் அசையக் கூடாது என்கிறார்.

பதினெட்டு வருஷம் இந்த மலையில் இருந்திருக்கிறீர்கள். ஒரே ஒரு தடவைகூடத் திரும்பி நின்று பார்க்கவில்லையா? "திரும்பிவிடு" என்று எனக்கு விதி எழுதி அனுப்பத் தெரிந்தது. திரும்புகிறவள் எந்த வழியாக வருவாள் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

நான்


ஜூலை 12
வீடு

உனக்கு,

உன் கடிதத்தை அக்கா படித்துக் காட்டினாள். பாதியில் அவளால் முடியவில்லை. மீதியை நானே படித்தேன்.

சமாதானம் சொல்லப் போவதில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன். சங்கத்து ஆட்கள் எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் நடப்பார்கள். கடைசியில் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான். ஏறிக்கொண்டே தீட்டுவேன். முடித்ததும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வீடு வந்து சேருவேன். தீட்டியதைச் சரிபார்க்க நாலு அடி பின்னால் நகர்ந்து பார்ப்பேன். அதுவும் ஏறுகிறவன் பக்கத்திலிருந்துதான். ஒருவர் பாதியில் திரும்ப வேண்டிவரும் என்று தெரியாதவன் இல்லை நான். வருகிறவர்களுக்கெல்லாம் அந்த விதியைச் சொன்னவனே நான்தான். இருந்தும் பாறையின் அந்தப் பக்கத்துக்கு என் கை போகவில்லை. ஏன் என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொள்கிறேன். பதில் உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எழுதக் கை வரவில்லை.

நீ அந்தப் பாறைக்கடியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் இங்கே போர்வை போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

சங்கத்துச் செயலாளருக்கு எழுதிவிட்டேன். எல்லாக் குடிலிலும் எச்சரிக்கை வைக்கச் சொல்லியிருக்கிறேன், தவறு என்னுடையது என்றும் எழுதியிருக்கிறேன். அங்கேயே இரு. கணுக்கால் சரியாகும்வரை கிளம்பாதே. கீழே இறங்கி வந்துவிடு என்று எழுத ஆசை. ஆனால் அது எனக்கு வேண்டியது. உனக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அதனால் எழுதவில்லை.

நான்


ஜூலை 20
ஆறாவது குடில்

பெயின்டருக்கு,

கணவாயைத் தாண்டிவிட்டேன். வீக்கம் வடிந்தபிறகும் இரண்டு நாள் காத்திருந்து, வானம் கண்ணாடியாக இருந்த காலையில் ஏறினேன். நண்பகலுக்கு வெகுமுன்பே உச்சி. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டேன். காட்சி நன்றாகத்தான் இருக்கிறது, அதில் பொய் சொல்லவில்லை நீங்கள்.

தாண்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். ஐந்தாவது குடிலின் சாமான் அறையில் உங்கள் பெயின்ட் டப்பாவும் பிரஷும் இருந்தன. குடில்காரர் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். வீக்கம் வடிந்துகொண்டிருந்த நாட்களில் மெதுவாகக் குடிலுக்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஒவ்வொரு பாறைக்கும் மறுபக்கம் ஒரு பட்டை போட்டேன். என் பட்டை கோணல். வடிந்து மீசை மாதிரி தொங்குகிறது. சுரண்டிவிட்டு மறுபடி போட எனக்குப் பொறுமை இல்லை. மேகத்தில் ஒண்டி நிற்கிறவனுக்குக் கோணலா நேரா என்றா கண் போகும்? இப்போது டப்பா என் பையில் இருக்கிறது. நடக்க நடக்கப் போட்டுக்கொண்டே போகிறேன். பை கனக்கிறது, வேகம் குறைந்துவிட்டது. ஆனால் அந்த அலுப்பு போய்விட்டது.

இதை வைத்து நீங்கள் கோட்டை கட்ட வேண்டாம். இது உங்களுக்காக இல்லை, நான் திரும்பி வருவதற்காகவும் இல்லை. அடுத்தவர் அந்தப் பாறைக்கடியில் உட்காரக் கூடாது என்பதற்காக.

சமாதானம் சொல்லாமல் எழுதியது நல்லது. சொல்லியிருந்தால் கிழித்திருப்பேன்.

நான்


ஜூலை 28
வீடு

உனக்கு,

கோட்டை எதுவும் கட்டவில்லை. கட்டினால் இந்த ஒரு கையால் எத்தனை நாள் ஆகும்?

ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நீ முடிவு எடுப்பதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டேன். ஐம்பது வயதுக்காரர். முன்னே கிடங்கில் மூட்டை தூக்கியவர், பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி உட்கார வைத்தவர். என்னைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, மாத்திரை எல்லாம் இனி அவர். முதல் நாள் வெட்கமாக இருந்தது. "நானும் ஒரு நாள் இப்படித்தான் உக்காருவேன் சார், அப்போ எவன் வருவானோ" என்றார். அதற்குப் பிறகு வெட்கம் இல்லை. அக்கா ஊருக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது அழுதாள். கதவைச் சாத்தியதும் எனக்கும் அழுகை வந்தது.

இரண்டு வருஷம் முன்பே இதைச் செய்திருக்கலாம். வெளியாள் தொடக் கூடாது என்று அடம் பிடித்தவன் நான்தான். நீ செய்தாய், நான் உட்கார்ந்திருந்தேன். உன் பையிலிருந்து என்னால் இறக்கி வைக்க முடிகிற கனம் இது ஒன்றுதான். என்னை யார் குளிப்பாட்டுவார்கள் என்ற கேள்வி இல்லாமல் நீ பஸ் நிலையத்தில் நில். தங்கை ஊர் பஸ்ஸில் ஏறினால் நான் உன்னைத் தவறாக நினைக்க மாட்டேன். அழுவேன். அது வேறு.

ஜன்னலுக்குப் போய்விட்டேன். கீழே பார்த்தால் குப்பை வண்டி நின்றுகொண்டிருந்தது.

நான்


ஆகஸ்ட் 5
பாதை முடிகிற ஊர், பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள விடுதி

என்னுடையவருக்கு,

நேற்று மாலை வந்து சேர்ந்தேன். வந்த உடனே எதிலும் ஏறவில்லை. குளித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். காலையில் வெயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். மழை இல்லை, ஏற்றம் இல்லை, வயிறு நிறைந்திருக்கிறது. இரண்டு பஸ்ஸும் வந்து நின்றன. நம் ஊர் பஸ்ஸைப் பார்த்தேன். ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கதவைத் திறப்பேன், ஒரு வாரத்துக்குள் உங்கள் ஆளைத் தள்ளிவிட்டு நானே துண்டை எடுத்துக்கொண்டு நிற்பேன். நீங்களும் விட்டுவிடுவீர்கள். நாம் இருவரும் அப்படித்தான்.

அதனால் நான் வரவில்லை. தங்கை ஊருக்குப் போகிறேன், வேலையில் சேருகிறேன். தனியாக ஒரு வீடு பார்க்கச் சொல்லி அவளுக்குப் போன் செய்துவிட்டேன். தரைத்தளத்தில், வாசலில் படி இல்லாமல், குளியலறைக் கதவு அகலமாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். "எதுக்குக்கா அகலம்?" என்று கேட்டாள். உங்களிடம் கேட்காமல் அவளிடம் எப்படிச் சொல்வது?

கேட்கிறேன். நீங்கள் வாருங்கள்.

உடனே பதில் எழுதாதீர்கள். நம் ஊரிலிருந்து தங்கை ஊருக்கு ஒரு பகல் ரயில் பயணம். உங்கள் உடம்புக்கு அது சின்னத் தூரம் இல்லை என்று தெரியும். பெட்டியில் ஏறும் படி உயரம், கைப்பிடி எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். செருப்பு வேண்டாம், ஒட்டுப்பட்டை வைத்த ஷூ போடுங்கள். நாளுக்கு ஒரு படி ஏறிப் பழகுங்கள், இரண்டு வேண்டாம். உங்கள் ஆள் கூட வரட்டும், அங்கேயும் அவரே உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். வழியில் முடியவில்லை என்றால் எந்த நிலையத்தில் இறங்குவது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். அப்படித் திரும்பிப் போனாலும் எனக்குக் கோபம் வராது.

இத்தனை வருஷத்தில் நீங்கள் ஒரு தடவைகூட என்னிடம் வந்ததில்லை. வீட்டுக்கு வந்தீர்கள், அங்கே நான் இருந்தேன். மலையில் இதை நினைத்து நினைத்துத்தான் நடந்தேன். எனக்கு உங்கள்மேல் ஆசை இருக்கிறது. அதையும் மலையில்தான் தெரிந்துகொண்டேன். ரயில் நிலையத்துக்கு நான் வந்து நிற்கிறேன்.

நான்


ஆகஸ்ட் 17
வீடு

என்னுடையவளுக்கு,

உடனே பதில் எழுதவில்லை. மூன்று தடவை சாப்பிட்டு மூன்று தடவை தூங்கி எழுந்தேன். ஒவ்வொரு காலையும் ஒரே பதில்தான் வந்தது.

வருகிறேன். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை. நம் ஆள் ரயில் நிலையத்துக்குப் போய், படியை முழம்போட்டு அளந்து வந்துவிட்டார். அதே உயரத்துக்குப் பலகை அடித்துக் கூடத்தில் போட்டிருக்கிறார். நேற்று ஏறினேன். இறங்கவும் பழகுகிறேன்.

ஒன்று மட்டும் நீ சொன்னபடி செய்ய மாட்டேன். ரயில் நிலையத்துக்கு வராதே. வீட்டிலேயே இரு. வீட்டு எண்ணை மட்டும் அனுப்பு. ஆளிடமும் சொல்லிவிட்டேன், "நீங்க பெட்டியைத் தூக்குங்க, பேச வேண்டாம்" என்று. ஆட்டோக்காரரிடம், தெருமுனைக் கடைக்காரரிடம், எதிர்ப்படுகிறவரிடம், எல்லாரிடமும் நானே வாயைத் திறந்து வழி கேட்டு வருவேன். அவர்களுக்குப் புரிகிறவரை கேட்பேன். நேரமாகும், காத்திரு.

உன் தங்கையிடம் தெருவின் பெயரைக் கேட்டு வாங்கிவிட்டேன். தினமும் சாயங்காலம் ஆள் எதிரே உட்காருகிறார், நான் அந்தப் பெயரைச் சொல்கிறேன். அவர் தெரிந்த மாதிரி நடிப்பதில்லை. நாலைந்து நாளாக, "புரியலை சார், இன்னொரு தடவை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று புரிந்துவிட்டது.

நான்